ஸ்லைடில் தேடியும் கிடைக்காத அறுகோணம்

மதுரைப் பக்கத்திலிருந்து வந்து டெல்லியில் முதலாண்டு எம்.பி.பி.எஸ். படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்லீரல் ஸ்லைடில் ஒரு மணி நேரம் தேடியும் புத்தகத்தில் இருக்கும் அறுகோணம் ஒன்றுகூடத் தென்படவில்லை, கோளாறு கண்ணிலா மைக்ரோஸ்கோப்பிலா? மற்ற உறுப்புகள் ஒரு தமனியோடு திருப்திப்படும்போது கல்லீரலுக்கு மட்டும் எதற்கு இரண்டு வழியில் இரத்தம்? கல்லீரலின் அடிப்படைச் சிறு அலகுக்கு கிளாசிக்கல் லோபியூல், போர்ட்டல் லோபியூல், ஏசினஸ் என்று மூன்று படம் போட்டிருக்கிறார்களே, எது நிஜம்? கூடவே ஒரு வால் கேள்வி: ஹாஸ்டல் பக்கத்து டாபாவில் கலேஜி, அதாவது ஈரல், சாப்பிடும்போது ரப்பர் மாதிரி ஒரு குழாய் பல்லில் மாட்டுகிறதே, அது என்ன?

இதே டெல்லியில் ஹிஸ்டாலஜி என்ற திசுவியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். வரிசையாகச் சொல்கிறேன், ஆனால் நான்கிற்கும் சரிசமமாக இடம் கொடுக்க முடியாது. வால் கேள்வி உட்பட எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது: கல்லீரலை வடிவமாகப் பார்த்தால் குழப்பம், இரத்தம் போகிற திசையாகப் பார்த்தால் தெளிவு.

முதலில் அறுகோணம். கண்ணிலும் கோளாறில்லை, மைக்ரோஸ்கோப்பிலும் கோளாறில்லை. உங்கள் ஸ்லைடு மனிதனுடையது, புத்தகப் படத்தின் பூர்வீகம் பன்றி. பன்றியின் கல்லீரலில் ஒவ்வொரு லோபியூலைச் சுற்றியும் இணைப்புத் திசுவால் ஆன வேலி முழுமையாக ஓடுகிறது. ஒட்டகத்துக்கும் அப்படித்தான். மனிதன், ஆடு, மாடு, எலி, நாய் இவற்றுக்கெல்லாம் வேலி கிடையாது. மூலைகளில் மட்டும் கொஞ்சம் இணைப்புத் திசு இருக்கும். நிலத்தின் நான்கு மூலையிலும் எல்லைக்கல் மட்டும் நட்டு வைத்த மாதிரி. கல்லை வைத்து எல்லையை நாம்தான் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது அவமானப்பட்டுத்தான். மாணவனாக இருந்தபோது வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஒரு ஸ்லைடு வைத்தார்கள். தேன்கூடு மாதிரி அறுகோணங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை. "மனிதக் கல்லீரல், சார்" என்றேன், அத்தனை நம்பிக்கையாக. தேர்வாளர் சிரித்துவிட்டு, "இவ்வளவு ஒழுங்காக இருந்தால் அது மனிதன் இல்லையப்பா" என்றார். அன்று போன மார்க்கைப் பற்றி இப்போது வருத்தமில்லை.

பிற்பாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் ஆட்டு ஈரல் கால் கிலோ, பன்றி ஈரல் கால் கிலோ வாங்கி வந்து இரண்டையும் கழுவி ஒரே தட்டில் வைத்துப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்ததும் பன்றி ஈரலின் மேற்பரப்பு முழுக்க மொசைக் தரை மாதிரி சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றும் 1 முதல் 2 மில்லிமீட்டர். லென்ஸ்கூட வேண்டியிருக்கவில்லை. ஐந்து பக்கம், ஆறு பக்கம், சிலது நாலு பக்கம். பக்கத்தில் ஆட்டு ஈரல் வழவழவென்று ஒன்றும் சொல்லாமல் கிடந்தது. விரலால் அழுத்தினால் ஆட்டு ஈரல் சட்டென்று பிய்ந்துவிடுகிறது, பன்றி ஈரல் முரண்டு பிடிக்கிறது. அந்த வேலித் திசுவின் வலு அது. வீட்டில் ஆட்டு ஈரலை மிளகு போட்டு வறுத்தார்கள். மற்றது ஃபார்மலின் பாட்டிலுக்குப் போனது, ஏனென்று கேட்காதீர்கள்.

நீங்கள் டெல்லியில் இருப்பதால் இன்னொன்றும் சொல்லலாம். இந்தியா கேட்டைச் சுற்றி ஓடும் சாலையின் பெயரே சி-ஹெக்ஸகன். மேப்பில் பார்த்தால் அறுகோணம் அப்பட்டமாகத் தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்து சுற்றும்போது தெரிகிறதா? வளைவு, சிக்னல், இன்னொரு வளைவு, அவ்வளவுதான். ஸ்லைடு என்பது பஸ் ஜன்னல். அதிலும் ஒரு லோபியூல் நிஜத்தில் தட்டையான கட்டமும் அல்ல, கோணல்மாணலான ஒரு சிறு தூண். ஸ்லைடுக்காகத் திசுவை மெல்லிசாகச் சீவும் மைக்ரோடோம் கத்தி அதைக் குறுக்கே வெட்டுமா சாய்வாக வெட்டுமா என்று யாரும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

சரி, அப்படியானால் எதைத் தேடுவது? குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்குங்கள். இளஞ்சிவப்புப் பரப்பில் இரண்டு விதமான இடங்கள் கண்ணில் படும். ஒன்று, தனியாக நிற்கும் ஓட்டை. சுவர் மெலிசு, சுற்றிலும் கல்லீரல் செல் வரிசைகள் நேராக வந்து அதில் முட்டும். அது மையச் சிரை, இரத்தம் வடிந்து வெளியேறும் வழி. இன்னொன்று, கொஞ்சம் இணைப்புத் திசுவுக்குள் மூன்று குழாய்கள் கும்பலாக இருக்கும் இடம். அது போர்ட்டல் பகுதி. மூன்றில் பெரியதாக, நசுங்கினாற்போல் இருப்பது போர்ட்டல் சிரையின் கிளை. சின்னதாக, சுவர் தடித்து உருண்டையாக இருப்பது கல்லீரல் தமனியின் கிளை. கனசதுரச் செல்கள் மணி கோத்த மாதிரி வட்டமாக நின்றால் பித்த நாளம். சந்தேகம் வந்தால் முதலில் பித்த நாளத்தைத் தேடுங்கள். அதன் செல்களுடைய உட்கருக்கள் அருகருகே உருண்டையாக வரிசை கட்டி நிற்பதால் ஏமாற்றாது. மூவர் என்று புத்தகம் சொன்னாலும் நாலாவதாக ஒரு நிணநீர்க் குழாய் அங்கே இருக்கும். சுவர் மெலிந்து கிடப்பதால் பெயர்ப்பட்டியலில் விட்டுவிட்டார்கள். ஒரு மையச் சிரையை நடுவில் வைத்துக்கொண்டு சுற்றியுள்ள போர்ட்டல் பகுதிகளை மனதிலேயே கோடு போட்டு இணையுங்கள். ஆறு கிடைக்காது, மூன்றோ நான்கோ கிடைக்கும். அது போதும்.

இனி இரத்தம். சாதம் ஆறிப்போனாலும் பரவாயில்லை, இதை நிதானமாகப் படியுங்கள்.

பெரியவர் ஒருவரின் கல்லீரல் சுமார் 1.5 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் கிட்டத்தட்ட கால்வாசி, நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர், இதன் வழியாகத்தான் போகிறது. அந்த ஒன்றரை லிட்டரில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கணையத்தின் கழுத்துக்குப் பின்னால் மேல் மெசென்டெரிக் சிரையும் மண்ணீரல் சிரையும் சேர்ந்து உண்டாவது இந்தச் சிரை. குடல், இரைப்பை, கணையம், மண்ணீரல் எல்லாவற்றின் இரத்தமும் இதில் சேர்கிறது. மீதிக் கால் பங்கு சீலியாக் தமனியின் கிளையான கல்லீரல் தமனி கொண்டுவருவது.

இரண்டுக்கும் வேலை வேறு. போர்ட்டல் இரத்தம் ஒரு சுற்று வேலை பார்த்துவிட்டு வருவது, குடலுக்கு ஆக்சிஜனில் ஒரு பங்கைக் கொடுத்து முடித்தது. ஆனால் வெறுங்கையோடு வருவதில்லை. சாப்பிட்ட சாப்பாட்டின் குளுக்கோஸ், அமினோ அமிலம், குடலில் இருந்து தப்பி வந்த பாக்டீரியாத் துணுக்குகள், கணையம் அப்போதுதான் விட்ட இன்சுலின், குளுக்ககான் எல்லாம் அதில் இருக்கும். ஆற்றில் வண்டலோடு வரும் புதுவெள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமனி இரத்தம் அளவில் குறைவு, ஆக்சிஜனில் செழிப்பு. அதனால் அளவில் கால் பங்கே வந்தாலும் கல்லீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதி தமனியிலிருந்துதான்.

ஆக, "எதற்கு இரண்டு வழி" என்ற கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். கல்லீரல் வாழ்வதற்குத் தமனி, எல்லா உறுப்புகளையும் போல. கல்லீரல் வேலை செய்வதற்குப் போர்ட்டல் சிரை. குடலில் இருந்து உறிஞ்சப்பட்டது உடம்பெங்கும் போவதற்கு முன் ஒரு சுங்கச்சாவடியைத் தாண்டியாக வேண்டும் என்ற ஏற்பாடு அது. கொழுப்பு மட்டும் பெரும்பாலும் நிணநீர் வழியாகச் சுற்றுப்பாதையில் தப்பிவிடுகிறது. நெஞ்சுவலிக்காரர்கள் சார்பிட்ரேட் மாத்திரையை ஏன் நாக்கின் அடியில் வைக்கிறார்கள்? விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். நாக்கின் அடியில் இருந்து போகும் சிரைகள் போர்ட்டல் வழியைத் தொடாமல் நேராக இதயத்துக்குப் போகின்றன. பாட்டி தலையணை அடியில் மாத்திரை வைத்திருந்தது ஒரு உடற்கூறியல் பாடம்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. போர்ட்டல் சிரைக்குத் தன் வரத்தைத் தானே கட்டுப்படுத்தும் திறமை கிடையாது. குடல் அனுப்பினால் வரும், அனுப்பாவிட்டால் இல்லை. அது குறையும்போது தமனி தானாக விரிந்து ஓரளவு ஈடுகட்டும். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் போடுகிற விவசாயி மாதிரி. மோட்டாரை யார் போடுகிறார்கள்? போர்ட்டல் பகுதியின் திசு இடைவெளியில் அடினோசின் என்ற பொருள் ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறது. போர்ட்டல் ஓட்டம் நன்றாக இருந்தால் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஓட்டம் குறைந்தால் அடினோசின் தேங்கும், பக்கத்தில் இருக்கும் தமனியின் தசையைத் தளர்த்தும். நரம்பும் வேண்டாம், மூளையும் வேண்டாம். லாட் என்ற உடலியங்கியல் ஆய்வாளர் 1980-களில் இதை விளக்கினார். மூன்று குழாயும் ஏன் ஒரே உறைக்குள் ஒட்டி உறவாடிக்கொண்டு போகின்றன என்பதற்கு இது ஒரு அழகான காரணம். இதன் மறுபக்கம் நடப்பதில்லை. தமனி குறைந்தால் போர்ட்டல் சிரை உதவிக்கு வராது.

இப்போது இரண்டு தண்ணீரும் ஒன்றாகக் கலக்கும் இடத்துக்குப் போவோம். போர்ட்டல் பகுதியில் இருந்து மையச் சிரை வரை சுமார் அரை மில்லிமீட்டர் தூரம். இருபது செல் போல வரிசையாக நிற்கும். இந்த அரை மில்லிமீட்டர்தான் கல்லீரல். மற்றதெல்லாம் இதன் நகல்கள்.

செல்கள் நிற்பது கயிறு மாதிரி என்று பழைய புத்தகங்கள் எழுதின. ஸ்லைடில் அப்படித்தான் தெரியும். 1949-இல் ஹான்ஸ் எலியாஸ் என்பவர் முப்பரிமாணத்தில் யோசித்து, அவை கயிறுகள் அல்ல, ஒரு செல் கனமுள்ள சுவர்கள், அங்கங்கே துளைபட்டு ஒன்றோடொன்று கிளைத்து இணைந்தவை என்று காட்டினார். பிரெட் துண்டத்தின் ஓட்டைகளையும் சுவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டைகளில் இரத்தம் ஓடுகிறது. ஒரு செல் கனம் என்பதன் பொருள், ஒவ்வொரு கல்லீரல் செல்லுக்கும் இரண்டு பக்கமும் இரத்தம். தெருவின் இருபக்கமும் வாசல் வைத்த வீடு. சின்னக் குழந்தைகளிடம் இந்தச் சுவர் இரண்டு செல் கனமாக இருக்கும், ஐந்தாறு வயதுக்குமேல் ஒன்றாகிவிடும். பெரியவர்களின் ஸ்லைடில் இரண்டு செல் கனம் பார்த்தால், அங்கே கல்லீரல் புதிதாக வளர்ந்துகொண்டிருக்கிறது என்று நோய்த் திசுவை ஆராயும் பேதாலஜிஸ்ட் எழுதுவார்.

அந்த ஓட்டைகளின் பெயர் சைனுசாய்டு. தந்துகி மாதிரிதான், ஆனால் தந்துகியின் ஒழுக்கம் இதற்கு இல்லை. அடித்தளச் சவ்வு கிடையாது. சுவரில் உள்பூச்சாக இருக்கும் எண்டோதீலியச் செல்களில் 100 முதல் 150 நானோமீட்டர் அளவில் துளைகள், கொத்துக் கொத்தாக. 1970-இல் எடி விஸ்ஸே எலியின் கல்லீரலை இரத்தக் குழாய் வழியாகவே பதப்படுத்தி எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோதுதான் இந்தத் துளைகளின் ஒழுங்கு தெளிவானது. அவர் சல்லடை என்றே பெயர் வைத்தார். சிவப்பணுவின் அகலம் 7,500 நானோமீட்டர், அது போக முடியாது. பிளாஸ்மா போகும், புரதம் போகும், சிறிதாகிவிட்ட கொழுப்புத் துணுக்கு போகும், பெரிய கொழுப்பு உருண்டை வெளியே நிற்கும். ரவை சலிக்கிற வேலை.

சல்லடைக்கு அந்தப் பக்கம், கல்லீரல் செல்லுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒடுக்கமான சந்துதான் டிஸ்ஸே இடைவெளி. 1890-இல் விவரித்தவரின் பெயர். கல்லீரல் செல்லின் நுண்விரல்கள் அந்தச் சந்துக்குள் நீண்டு பிளாஸ்மாவில் நேரடியாகக் குளிக்கின்றன. உயிரோடு இருப்பவரிடம் சோதனைக்காக எடுத்த சிறு திசுத் துண்டில், அதாவது பயாப்சியில், இந்த இடைவெளி சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. பிரேதப் பரிசோதனை ஸ்லைடில் திசு சுருங்கி அது விரிந்து தெரியும். கல்லூரி ஸ்லைடு பெட்டியில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை என்பதால், "தெரிகிறதே சார்" என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

இங்கே இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். சைனுசாய்டுக்கு உள்ளேயே சுவரில் ஒட்டிக்கொண்டு குப்ஃபர் செல். குடலில் இருந்து வரும் பாக்டீரியாவையும் கிழட்டுச் சிவப்பணுவையும் விழுங்கும் காவலாளி. உடம்பில் ஒரே இடத்தில் தங்கியிருக்கும் விழுங்கு செல்களில் பத்தில் எட்டுக்கு மேல் இங்கேதான். சாதாரணச் சாயத்தில் அடையாளம் காண்பது கஷ்டம். இந்தியன் இங்க் செலுத்திய விலங்கின் ஸ்லைடு உங்கள் லேபில் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள், கறுப்புப் புள்ளிகளாக நிற்கும். டிஸ்ஸே இடைவெளியில் இருப்பவர் ஸ்டெல்லேட் செல், கொழுப்புத் துளிகளுக்குள் வைட்டமின் ஏ வைத்திருப்பவர். உடம்பின் வைட்டமின் ஏ-யில் சுமார் 80 சதவீதம் இவரிடம்தான். துருவக் கரடியின் ஈரலைத் தின்றவர்கள் தோல் உரிந்து படுத்த கதைகள் இதனால்தான்.

இந்த இருவரின் பெயரில் ஒரு ஆள்மாறாட்டம் நடந்தது. 1876-இல் குப்ஃபர் தங்கக் குளோரைடு சாயம் போட்டு நட்சத்திர வடிவச் செல்களைக் கண்டார். இருபது வருடம் கழித்து விழுங்கு செல்களைப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டினார். அப்படியே பாடமும் ஆகிவிட்டது. 1950-களில் ஜப்பானில் இட்டோ கொழுப்பு சேர்க்கும் செல் ஒன்றைத் தனியாக விவரித்தார். 1971-இல் வேக்கே என்பவர் அதே தங்கச் சாயத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்து, குப்ஃபர் முதலில் கண்டது விழுங்கு செல்லே அல்ல, வைட்டமின் ஏ வைத்திருக்கும் ஸ்டெல்லேட் செல் என்று காட்டினார். ஆனால் பெயர் நிலைத்தது காவலாளிக்கு. ரேஷன் கார்டில் தவறிய பெயர் மாதிரி, இனி மாற்ற முடியாது.

பித்தநீர் எதிர்த்திசையில் போகிறது. அடுத்தடுத்த இரண்டு கல்லீரல் செல்களின் சுவர்களுக்கு நடுவே 1 மைக்ரான் அளவில் ஒரு வாய்க்கால், தனக்கென்று சுவர் கிடையாது, செல்களின் இறுக்கமான இணைப்புகளே அதன் கரை. மையத்தில் இருந்து போர்ட்டல் பகுதி நோக்கி ஓடி, ஹெரிங் கால்வாய் வழியாகப் பித்த நாளத்தில் சேரும். இரத்தம் உள்ளே, பித்தம் வெளியே. இந்த எதிர்த்திசையை நினைவில் வையுங்கள், மூன்று படங்களின் சண்டை இதில்தான் தீரும்.

இப்போது மறுபடி அந்த அரை மில்லிமீட்டர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாய்க்காலின் தலைமடையில் இருப்பவன் முதலில் பாய்ச்சுவான், கடைமடையில் இருப்பவனுக்கு மிச்சம்தான். போர்ட்டல் பகுதியை ஒட்டிய செல்கள் தலைமடை. அங்கே ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 60 முதல் 65 மில்லிமீட்டர் பாதரசம். மையச் சிரையை ஒட்டிய செல்கள் கடைமடை, அங்கே வந்து சேரும்போது 30 முதல் 35. இருபது செல்லுக்குள் பாதியாகிவிடுகிறது. விளைவு, ஒரே மாதிரி தெரியும் இந்தச் செல்கள் ஒரே வேலை செய்வதில்லை. ஆக்சிஜன் அதிகம் கேட்கும் வேலைகளான புதிதாகக் குளுக்கோஸ் செய்வது, கொழுப்பு அமிலத்தை எரிப்பது, யூரியா செய்வது எல்லாம் தலைமடையில் தூக்கல். கடைமடையில் கொழுப்பு கட்டுவதும், சைட்டோகுரோம் பி-450 நொதிகளால் மருந்துகளையும் நஞ்சுகளையும் உடைப்பதும் தூக்கல். மையச் சிரையைச் சுற்றிக் கடைசியாக நிற்கும் ஓரிரண்டு வரிசைச் செல்கள் மட்டும் குளுட்டமின் செய்யும் நொதியை வைத்துக்கொண்டு, யூரியாவாக மாறாமல் தப்பி வந்த அமோனியாவைப் பிடித்துவிடுகின்றன. கடைமடையில் வலை போட்டு மீன் பிடிக்கிற மாதிரி.

நோயும் இந்த வழியில்தான் நடக்கும். பாரசிட்டமால் அளவுக்கு மீறிப் போனால் முதலில் சாவது கடைமடைச் செல்கள். அதை நஞ்சாக மாற்றும் நொதி அங்கேதான் அதிகம், அதைச் சமாளிக்கும் குளுட்டதயோன் அங்கே குறைவு. இரத்த அழுத்தம் வீழ்ந்து ஆக்சிஜன் குறைந்தாலும் அவர்களுக்குத்தான் முதல் அடி. வலது இதயம் பலவீனமாகி இரத்தம் பின்தங்கினால் மையச் சிரைகளைச் சுற்றிக் கருஞ்சிவப்பாகத் தேங்கும், சுற்றிலும் வெளிறிய பழுப்பு. வெட்டிய முகம் ஜாதிக்காயை இரண்டாக உடைத்தது போல இருக்கும், பேதாலஜியில் அதற்குப் பெயரே ஜாதிக்காய்க் கல்லீரல். வீட்டில் ஜாதிக்காய் இருந்தால் ஒன்றை வெட்டிப் பாருங்கள், அடுத்த ஆண்டுப் பாடம் முன்கூட்டியே முடிந்துவிடும். இரும்பு மிகுந்து சேரும் நோயில் தலைகீழ், தலைமடைச் செல்களில்தான் முதலில் படியும்.

அதனால் மூன்று படங்களில் எது நிஜம் என்றால், மூன்றும் ஒரே ஊரின் மேப்புகள். 1833-இல் லண்டனில் பிரான்சிஸ் கியர்னன் இரத்தக் குழாய்களுக்குள் வண்ணத் திரவங்களைச் செலுத்திப் பார்த்து, இரத்தம் வடியும் சிரையை மையமாக வைத்து வரைந்தது கிளாசிக்கல் லோபியூல். பித்தநீர் வடியும் நாளத்தை மையமாக வைத்தால் மூன்று மையச் சிரைகளை மூலைகளாகக் கொண்ட முக்கோணம் வரும், அது போர்ட்டல் லோபியூல். இரத்தம் வந்து சேரும் கிளையை மையமாக வைத்து, அதிலிருந்து ஆக்சிஜன் குறையும் வரிசையில் 1, 2, 3 என மண்டலம் பிரித்தால் ஏசினஸ். 1954-இல் டொரொண்டோவில் ரப்பபோர்ட் கொண்டுவந்தது. போர்ட்டல் லோபியூலைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், அது குறுவினாவுக்கு மட்டும் உயிரோடு இருக்கிறது. ஏசினஸ் படத்தின் அழகான வைர வடிவத்தையும் ஸ்லைடில் தேடிப் போகாதீர்கள், அறுகோணத்தைத் தேடிய கதைதான் மறுபடி. ஆனால் 1, 2, 3 என்ற எண்கள் வார்டிலும் பயாப்சி ரிப்போர்ட்டிலும் தினமும் புழங்கும். தேர்வில் வரையும்போது கிளாசிக்கல் லோபியூலை வரைந்து, இரத்தத்துக்குச் சிவப்பில் உள்நோக்கி ஒரு அம்பு, பித்தத்துக்குப் பச்சையில் வெளிநோக்கி ஒரு அம்பு போட்டு, ஒரு மூலையில் மண்டல எண்களைக் குறித்துவிடுங்கள். அம்பு இல்லாத படத்துக்கு நான் பாதி மார்க்தான் கொடுப்பேன்.

கல்லீரல் நாராகி இறுகிப்போகும் சிரோசிஸையும் இதே கண்ணால் ஒரு நிமிடம் பாருங்கள். மதுவோ வைரஸோ கொழுப்போ வருடக்கணக்கில் செல்களைக் கொன்றுகொண்டிருந்தால், அந்த ஸ்டெல்லேட் செல் வைட்டமின் ஏ-யைத் தொலைத்துவிட்டுக் கொலாஜன் நூற்க ஆரம்பிக்கும். டிஸ்ஸே சந்து நாரால் அடையும், சல்லடைத் துளைகள் மூடும், அதுவரை இல்லாத அடித்தளச் சவ்வு வந்துவிடும். சைனுசாய்டு சாதாரணத் தந்துகியாகிவிடும். இரத்தம் ஓடும், செல்லுக்குப் போய்ச் சேராது. போர்ட்டல் சிரையின் இயல்பான அழுத்தம் 5 முதல் 10 மில்லிமீட்டர் பாதரசம்தான், கைத்தமனியின் அழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். வழி அடைபட்டால் அது ஏறும். போர்ட்டல் சிரைக்கு வால்வு கிடையாது என்பதால் இரத்தம் வந்த வழியே திரும்பி, உணவுக்குழாயின் அடிப்பகுதி, தொப்புள், மலக்குடல் பக்கமாக வேறு பாதை தேடும். உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்து வெடித்தால்தான் இரத்த வாந்தி.

தமனியின் முக்கியத்துவம் கல்லீரல் மாற்று சிகிச்சையில்தான் முழுசாகப் புரியும். கல்லீரல் செல்லுக்கு இரண்டு இரத்தம் உண்டு, பித்த நாளத்துக்குத் தமனி ஒன்றுதான். மாற்றிய கல்லீரலில் தமனி அடைத்துக்கொண்டால் பித்த நாளங்கள் அழுகத் தொடங்கும். கல்லீரலைப் பங்கு பிரித்துக் கொடுக்க முடிவதும் குழாய்களின் தயவுதான். 1957-இல் கியூனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் பிரித்த எட்டுத் துண்டங்களில் ஒவ்வொன்றுக்கும் தனிப் போர்ட்டல் கிளை, தனித் தமனிக் கிளை, தனிப் பித்த நாளம். 1998 நவம்பரில் இதே டெல்லியில், அப்போலோ மருத்துவமனையில், பித்த நாளம் அடைபட்டுப் பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு அதன் அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். குழந்தைக்கு அப்போது 20 மாதம். இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று அது. அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டர் ஆகிவிட்டது. கொடுத்தவரின் கல்லீரலும் பெரும்பாலும் பழைய அளவை நெருங்கிவிடும். எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டினாலும் பத்து நாளில் எடை திரும்பிவிடும் என்பது 1931-இலேயே தெரியும். வெட்டிய மடல் முளைப்பதில்லை, மிச்சமிருப்பது பருக்கிறது.

கடைசியாக உங்கள் ரப்பர் குழாய். கல்லீரலுக்குள் நுழையும் மூன்று குழாய்களையும் சேர்த்துச் சுற்றியபடி ஒரு நார் உறை கூடவே கிளை கிளையாகப் போகிறது. 1654-இல் கிளிஸ்ஸன் விவரித்தது, அவர் பெயரிலேயே கிளிஸ்ஸன் உறை. உங்கள் பல்லில் மாட்டியது அதுதான். கல்லீரல் சிரைக்கு இந்த உறை கிடையாது. அதன் சுவர் ஈரலோடு நேராக ஒட்டியிருப்பதால் வெட்டிய துண்டில் வாயைப் பிளந்தபடி நிற்கும். போர்ட்டல் சிரை தன் உறைக்குள் நசுங்கிக் கிடக்கும். அடுத்த முறை கலேஜி வந்ததும் ஒரு பெரிய துண்டை எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். உறை இல்லாமல் திறந்திருக்கும் ஒற்றை ஓட்டை, கல்லீரல் சிரை. வெள்ளை நாருக்குள் ஒரு பெரிய பிளவும் இரண்டு சின்னக் குழாய்களும் இருந்தால் போர்ட்டல் பகுதி. இரண்டு சின்னதில் ஒன்றின் உட்புறம் லேசாகப் பச்சையோ மஞ்சளோ அடித்திருந்தால் அது பித்த நாளம், மசாலா கறையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.